பால் கேனில் வந்த ரத்தம்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'பல்கலைக்கழகமும் ஆராய்ச்சியும்' என்று தலைப்பைக் கொடுத்துவிட்டு, "பத்தே நிமிஷம்" என்று செயலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆகவே ஒரே ஒரு மாத்திரையின் கதையை மட்டும் சொல்கிறேன். இதய வால்வு மாற்றிக்கொண்ட நண்பர்களுக்கு அதைத் தெரிந்திருக்கும்: வார்ஃபரின். ரத்தம் கட்டிப்போய் குழாயை அடைக்காமல் பார்த்துக்கொள்ளும் மருந்து.

அது பிறந்த இடம் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகம். தனியார் பணத்தில் எழும்பியதல்ல, மாநில அரசுப் பல்கலைக்கழகம். 1933 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. வெளியே கடும் பனிப்புயல். ஏறக்குறைய 300 கிலோமீட்டர் லாரி ஓட்டிக்கொண்டு ஒரு விவசாயி வருகிறார். லாரியில் செத்துப்போன கிடேரி ஒன்று, கெட்டுப்போன தீவனம், ஒரு பால் கேனில் உறையாத ரத்தம். அவருடைய மாடுகள் ஒவ்வொன்றாக உள்ளுக்குள் ரத்தம் கசிந்து செத்துக்கொண்டிருந்தன. கால்நடை அதிகாரியின் அலுவலகம் பூட்டிக் கிடந்தது. திறந்திருந்தது உயிர்வேதியியல் துறையின் கதவு. உள்ளே இருந்தவர் பேராசிரியர் கார்ல் பால் லிங்க்.

அந்தத் தீவனத்தைப் போடாதீர்கள் என்பதற்கு மேல் லிங்கால் அன்று பெரிதாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலம். வேறு தீவனம் வாங்க அந்த மனிதர் எங்கே போவார், சொல்லுங்கள்? ஆனால் அந்த ரத்தத்தை வைத்துக்கொண்டு அன்றைக்கே வேலை தொடங்கிவிட்டது. ஆறு வருஷத்துக்குப் பிறகு, 1939-இல், லிங்கின் ஆய்வகத்தில் ஹெரால்டு கேம்ப்பெல் என்பவர் குற்றவாளியைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். அதுதான் டைகூமரால். அதன் தம்பி மாதிரி வந்த வார்ஃபரின், 1948-இல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது. 1954-இல் மனிதர்களுக்கு அனுமதி. 1955-இல் ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது அவருக்கும் அதைக் கொடுத்தார்கள். எலிக்கு வைத்தது ஜனாதிபதிக்கு!

இனி நம் சங்கத்துக்கு வேண்டிய பகுதி. அந்தப் பெயரின் முதல் பாதியான 'வார்ஃப்', விஸ்கான்சின் பழைய மாணவர் ஆராய்ச்சி நிறுவனத்தின் பெயர்ச்சுருக்கம். புற ஊதா ஒளி பட்ட உணவில் வைட்டமின் டி பெருகும் என்று கண்ட ஹாரி ஸ்டீன்பாக், காப்புரிமையைத் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. கம்பெனி பெரும் தொகை தர வந்தும் மறுத்தார். அந்த உரிமையில் வரும் பணம் ஆராய்ச்சிக்கே திரும்பட்டும் என்று 1925-இல் இந்த நிறுவனம் ஏற்பட்டது. முதல் போட்டவர்கள் ஒன்பது பழைய மாணவர்கள், தலைக்கு 100 டாலர். லிங்குக்கும் அங்கிருந்து உதவி கிடைத்தது. குறை இல்லாமல் இல்லை. உள்ளூர் வெண்ணெய் வியாபாரத்தைக் காப்பாற்ற, ஏழைகள் வாங்கும் மார்ஜரினுக்கு உரிமம் தர மறுத்தார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை.

நம் சங்கம் இப்போது நுழைவாயில் வளைவுக்கு நிதி திரட்டுகிறது. வளைவு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நன்கொடையாளர் பெயர் பொறிக்கிற பளிங்குக் கல்லை மட்டும் கொஞ்சம் சின்னதாக்கலாமே! மிச்சமாவதில் வேதியியல் ஆய்வகத்தைச் சனிக்கிழமையும் திறந்து வைப்போம். ஒரு உதவியாளரின் சம்பளம், ரசாயனச் செலவு, அவ்வளவுதான். சுற்றுப்பட்டுக் கிராமத்துக்காரர்கள் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டு வரட்டும். உப்பு எவ்வளவு, ஃபுளோரைடு எவ்வளவு என்று எம்.எஸ்ஸி. பிள்ளைகள் பார்த்துச் சொல்லிவிட்டு, தேதி போட்டு நோட்டிலும் எழுதட்டும். நாலைந்து வருஷ நோட்டு சேர்ந்தால் அதற்குள்ளேயே ஒருவருக்கு ஆராய்ச்சித் தலைப்பு இருக்கும்.

என் பங்கைச் செயலாளரிடம் காலையிலேயே கொடுத்துவிட்டேன். ரசீதுப் புத்தகம் சாப்பாட்டுக்கூட வாசலில் இருக்கிறது.