கன்றுக்கு ஒரு வேலி



பிள்ளைகளே, ஒட்டகம் கழுத்தை நீட்டினால் எவ்வளவு உயரத்துக் கிளையைக் கடிக்கும் தெரியுமா? ஏறக்குறைய 3 மீட்டர். அப்பா தோள்மேல் உட்கார்ந்து நீங்கள் கையை நீட்டினாலும் எட்டாது. அதன் மேல் உதடு பிளந்திருப்பதால், முள்ளுக்கு நடுவே உள்ள இலையையும் பொறுக்கித் தின்றுவிடும்.

கத்தாரில் மழைத்தண்ணீர் வடிந்து தேங்குகிற பள்ளங்களை ரௌதா என்பார்கள். அங்கே முளைக்கிற சித்ரா கன்றுகள் ஒட்டகத்துக்கும் ஆட்டுக்கும் தப்பி மரமாவது லேசல்ல. அதனால்தான் அரசாங்கம் பல ரௌதாக்களைச் சுற்றி வேலி போட்டிருக்கிறது. சித்ரா நம் ஊர் இலந்தைக்குச் சொந்தம். அதன் தாவரவியல் பெயரிலேயே 'கிறிஸ்துவின் முள்' என்ற பொருள் உண்டு. இங்குள்ள சித்ரா மெடிசின் மருத்துவமனைக்கும் இந்த மரத்தின் பெயர்தான்.

நான் நர்சிங் படித்தது ஸ்காட்லாந்தில். அங்கே கன்றைக் கடிப்பது மான். மலைச்சரிவில் கன்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளாஸ்டிக் குழாய் மாட்டியிருப்பார்கள். பஸ்ஸிலிருந்து பார்த்தால் கல்லறைத் தோட்டம் போலவே இருக்கும்! 1979-இல் பிரிட்டிஷ் வனத்துறையில் கிரஹாம் டியூலி என்பவர் தொடங்கிவைத்த முறை அது. சிறிய ரோ மானுக்கு 1.2 மீட்டர் குழாய் போதும். பெரிய செம்மானுக்கு 1.8 மீட்டர் வேண்டும். எந்த வாய்க்கு எவ்வளவு எட்டும் என்று பார்த்துத்தான் வேலி.

கடித்தால் என்ன, மறுபடி துளிர்க்காதா என்று கேட்பீர்கள். துளிர்க்கும். ஆனால் உயரம் நுனியில்தான் இருக்கிறது. நுனி போனால் பக்கத்தில் நாலைந்து துளிர் கிளம்பி, கன்று புதராகிவிடும். திரும்பத் திரும்பக் கடிபட்டால் வேரில் சேர்த்து வைத்த சத்தும் தீர்ந்துபோகும்.

தொழில்பேட்டை கேம்பில் இருக்கும் நம் சகோதரர் ஒருவர், ராமநாதபுரத்துக்காரர், விடுப்பில் போனபோது வீட்டு வாசலில் ஒரு வேப்பங்கன்று நட்டுவிட்டு வந்தார். அடுத்த விடுப்புக்கு இரண்டு வருஷம். இங்கே வந்த மூன்றாம் வாரமே மனைவி போட்டோ அனுப்பினார். "சிஸ்டர், ஆடு கடிச்சிருச்சு, வெறும் குச்சிதான் நிக்குது" என்று போனை என்னிடம் நீட்டினார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிடுங்க வேண்டாம், வேம்பு லேசில் சாகாது என்றேன். துளிர் வந்ததும் நேராக நிற்கிற ஒன்றை மட்டும் விட்டு, மற்றதைக் கிள்ளிவிட வேண்டும். சுற்றி மூன்று கம்பு நட்டு, சீமைக்கருவேல முள்ளைக் கட்ட வேண்டும்; அந்த முள்ளுக்கு அங்கே பஞ்சமில்லை. கன்றை ஒட்டிக் கட்டினால் ஆடு தலையை நுழைத்துவிடும், ஒரு கை தள்ளியே கட்ட வேண்டும். சாணியைக் கரைத்து இலையில் தெளித்தாலும் ஆடு முகம் திருப்பும். மழை பெய்தால் மறுபடி தெளிக்க வேண்டும். தண்டைக் கம்பியால் இறுக்கக் கூடாது. கட்டு இறுகினால் விரல் நீலமாவதை வார்டில் பார்க்கிறோமே, மரத்துக்கும் அதே கதிதான்.

இன்னொன்று: ஜூலை விடுப்பில் நடுகிறவர்கள், ஐப்பசி மழை வரைக்கும் தண்ணீர் ஊற்ற ஆள் பார்த்துவிட்டு நடுங்கள்.

அந்த வீட்டில் இப்போது காவல், மூன்றாம் வகுப்பு படிக்கிற மகள். வெள்ளிக்கிழமைதோறும் ஸ்கேல் வைத்து அளந்து அப்பாவுக்கு வாய்ஸ் அனுப்புகிறாள். போன வாரம் 41 சென்டிமீட்டர். ஆடு இன்னும் முள்ளைச் சுற்றிச் சுற்றி வருகிறதாம்.