குளிரும் காற்றும்



தமிழர் காற்றைத் திசையால் பிரித்துப் பெயரிட்டனர்: கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கு, கோடை, வடக்கு, வாடை, தெற்கு, தென்றல். வாடை என்றாலே உடல் நடுங்கும். தென்றல் என்றாலே இதம் தோன்றும். இங்கு நாம் வழங்கும் ‘குளிர்சாதனம்’ என்னும் சொல்லிலோ குளிர் உண்டு, காற்று இல்லை.

வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் வேகம், சுற்றுப்பரப்புகளின் வெப்பக் கதிர்வீச்சு, உடை, உழைப்பு ஆகிய ஆறுமே உடலின் இதத்தை முடிவு செய்கின்றன என்று டென்மார்க்கு அறிஞர் ஃபாங்கர் 1970இல் தம் நூலில் விளக்கினார். காற்று வீசினால் வியர்வை விரைந்து ஆவியாகும். அறையின் வெப்பநிலை குறையாமலே உடல் குளிரும். தேக்கா கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதையில் நிழலோடு மெல்லிய காற்றும் சேரும்போது நாம் உணர்வது இதுவே.

வகுப்பறையில் காற்றுவாய்க்குக் கீழ் அமர்ந்த மாணவி நடுங்குகிறாள்; கடைசி வரிசை மாணவன் புழுங்குகிறான். சுவரிலுள்ள எண் ஒன்றே. இருவர் சொல்வதும் மெய்யே. ஆதலின் ஆசிரியர்களே, வெப்பநிலையை 25 பாகைக்குக் குறைக்காமல் விசிறியை மெல்லச் சுழலவிடுங்கள். காற்றுத் தகட்டை மேல்நோக்கித் திருப்புங்கள். ஒரு பிள்ளை ‘குளிர்கிறது’ என்றால், எண்ணைக் காட்டி மறுக்காதீர்கள். ‘காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது?’ என்று கேளுங்கள். நான்கு காற்றுக்கும் பெயரிட்டவர்கள் கேட்டதும் அக்கேள்வியே.