வியாழக்கிழமை ஓ.பி.

அறிமுகத்தில் என்னை 'மனநல சமூகப் பணியாளர்'னு சொன்னாங்க. நான் வேலை பார்க்கிற கூடலூர், பந்தலூர் பக்கம் அந்தப் பேர் யார் வாயிலும் நுழையாது. அங்கே நான் 'வியாழக்கிழமை அக்கா'. வாராவாரம் வியாழன் அன்னைக்கு ஒரு நர்ஸ், ஒரு ஹெல்த் வொர்க்கர், நான், மூணு பேரும் ஜீப்பில் போய் ஒரு பணியர் ஊரில் இறங்குவோம். ஒரு திண்ணைதான் எங்க ஓ.பி. படுக்கை கிடையாது, அட்மிஷன் கிடையாது. குடியை நிறுத்தணும்னு நினைக்கிறவங்க, ராத்திரி தூக்கம் வராதவங்க, துக்கத்திலிருந்து எழுந்திருக்க முடியாதவங்க எல்லாரும் அதே திண்ணைக்குத்தான் வருவாங்க. 'மனசு சரியில்லை'னு யாரும் பேச்சைத் தொடங்க மாட்டாங்க. உடம்பு வலி, கை நடுக்கம், வயித்தெரிச்சல்னுதான் தொடங்குவாங்க.

அப்படி வந்த ஒருத்தரைப் பத்தியும், அவருக்கு நான் சொன்ன ஒரு தப்பான ஆலோசனையைப் பத்தியும்தான் இன்னைக்குப் பேசப்போறேன். அவர்கிட்ட அனுமதி வாங்கிட்டேன். ஆள் அடையாளம் தெரியக் கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

முதல்ல கொஞ்சம் பின்னணி. நீலகிரியில் ஆறு தொல்பழங்குடிகள் இருக்காங்க: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், காட்டுநாயக்கர், பணியர். இதில் பணியர்களோட பேரிலேயே 'பணி' இருக்கு. பக்கத்து வயநாட்டில் வள்ளியூர்க்காவு திருவிழா சமயத்தில், நிலக்காரங்க இவங்களுக்கு ஒரு தொகை கொடுத்து ஒரு வருஷத்துக்கு வேலைக்குப் பிடிச்சு வைப்பாங்க. வாங்கின குடும்பம் அந்த வருஷம் முழுக்க அந்த நிலத்தை விட்டு நகர முடியாது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல். அதாவது, இன்னைக்கு என் திண்ணையில் உட்கார்ற பாட்டிகளுக்கு இது வரலாறு இல்லை, சின்ன வயசு ஞாபகம். 'இவங்க குடிச்சே அழியறாங்க'னு டவுனில் டீக்கடையில் சுலபமா சொல்லிடுவாங்க. குடிக்கிறாங்க, உண்மைதான். ஆனா நிலமும் காடும் கையை விட்டுப் போன கதையைச் சொல்லாம குடியை மட்டும் சொன்னா அது பாதிக் கதை.

நம்ம ஆள் துடி வாசிக்கிறவர். துடின்னா கையில் பிடிச்சு அடிக்கிற சின்னப் பறை. பணியர் வீட்டுச் சாவு, சடங்கு எதுவும் துடியும் குழலும் இல்லாம நடக்காது. நாற்பது வயசு இருக்கும். இஞ்சிக் காட்டில் தினக்கூலி. மனைவிதான் கூட்டிக்கிட்டு வந்தாங்க. எவ்வளவு குடிப்பீங்கன்னு கேட்டேன். அவர் கூரையைப் பார்த்தார். மனைவி பதில் சொன்னாங்க. நீலகிரியில் 2022-லிருந்து டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலா வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தா அந்த 10 ரூபாயைத் தர்றாங்க. காட்டில் கண்ணாடி சேரக் கூடாதுன்னு வந்த ஏற்பாடு. அந்த அம்மா வாரம் எத்தனை பாட்டில் திருப்பினோம்னு சரியா ஞாபகம் வெச்சிருந்தாங்க. நான் படிச்ச எந்தக் கேள்வித்தாளும் அவ்வளவு துல்லியமா கணக்குத் தந்ததில்லை.

தினம் ஒண்ணரை குவாட்டர். ஒரு குவாட்டர் 180 மில்லி. அதில் சுத்தமான ஆல்கஹால் மட்டும் ஏறத்தாழ 60 கிராம். உலக சுகாதார நிறுவனத்தோட கேள்வித்தாளில் 'ஒரு டிரிங்க்'னா 10 கிராம். அப்போ இவர் தினம் ஒன்பது டிரிங்க். இந்த அளவு குடிக்கிறவர் ஒரே நாளில் சட்டுனு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. கேட்கிறவங்க இதை மட்டுமாவது மறக்காதீங்க. சில மணி நேரத்திலேயே கை நடுங்கும், முதல் ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம், ரெண்டுலிருந்து நாலு நாளுக்குள்ள இல்லாதது கண்ணுக்குத் தெரியும், நாள் கிழமை குழம்பும். வீட்டில் பேய் பிடிச்சிடுச்சுன்னு நினைப்பாங்க. 'இன்னையிலிருந்து சொட்டுக்கூடத் தொடக் கூடாது'னு வீட்டில் சத்தியம் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு டாக்டரைப் பாருங்க. யாரைக் கேக்கறதுன்னே தெரியலைன்னா 14416, டெலி மானஸ், இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம்.

இவருக்குப் பழைய வலிப்பு எதுவும் இல்லை, வீட்டில் பார்த்துக்க ஆள் இருந்தாங்க. அதனால டாக்டர் வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம்னு முடிவு பண்ணினார். படிப்படியா குறைக்கிற மாத்திரை, வைட்டமின் பி1. காலையும் சாயங்காலமும் எங்க ஹெல்த் வொர்க்கர் போய் நாடி பார்த்து, மாத்திரையைக் கையில் கொடுத்து, முழுங்கற வரைக்கும் நின்னுட்டு வருவாங்க. அவங்களும் அதே சமூகம். பத்து நாளில் நடுக்கம் நின்னுது. நாலு மாசம் ஒரு சொட்டு தொடலை. கார்டில் நான் போட்ட ஒவ்வொரு டிக்கையும் ரசிச்சுப் போட்டேன், உண்மையைச் சொல்றேன். இந்தியாவில் மதுவுக்கு அடிமையானவங்கள்ல 38 பேரில் ஒருத்தருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்குதுன்னு 2019-ல் வெளியான தேசிய ஆய்வு சொல்லுது. அந்த ஒருத்தர் என் திண்ணையில் உட்கார்ந்திருக்கார்ங்கிற பெருமை எனக்கு.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை வந்து கேட்டார். பக்கத்து ஊரில் ஒரு பெரியவர் சாகக் கிடக்கிறார், இவருக்குத் துடி கத்துக்கொடுத்தவர். "சாவுக்கு நான் வாசிக்கப் போகலாமா அக்கா?"

சாவு வீட்டில் ராத்திரி முழுக்க வாசிக்கணும், குடி சுத்தி வரும். எங்க பாடப்புத்தகத்தில் இதுக்குப் பதில் தயாரா இருக்கு: குடிக்கிற கூட்டத்தைத் தவிர், குடிக்கிற இடத்தைத் தவிர். கோயம்புத்தூரில் ஐ.டி. கம்பெனிப் பையனுக்கு இதைத்தான் சொல்வேன். வெள்ளிக்கிழமை பார்ட்டிக்குப் போகாதே, வேற நண்பர்களைப் பிடி. அவனால் முடியும். அதே பதிலை இவருக்கும் சொன்னேன். "ஒரு வருஷத்துக்கு எந்தச் சாவுக்கும் போகாதீங்க." அவர் தலையை ஆட்டினார். பெரியவர் இறந்தார். இவர் போகலை.

அடுத்த வியாழன் வரலை. அதுக்கடுத்ததும் வரலை. மூணாவது வாரம் கார்டில் சிவப்பு மையில் 'சிகிச்சைக்கு ஒத்துழைக்கவில்லை'னு எழுதினேன்.

ஹெல்த் வொர்க்கர் எட்டிப் பார்த்து, என்ன எழுதியிருக்கீங்கன்னு கேட்டாங்க. படிச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னாங்க: "நீங்க சொன்னதைத்தானே அவர் செஞ்சார்? குருவோட சாவுக்கு வராத ஆளாயிட்டார். இப்போ யார் முகத்தையும் பார்க்க முடியாம வீட்டுக்குப் பின்னாடி தனியா உட்கார்ந்து குடிக்கிறார். இதுக்கு முன்னாடி அவர் தனியா குடிச்சதே இல்லை."

அந்தக் கடைசி வரிதான் என்னை உட்கார வெச்சது. கூட்டத்திலிருந்து பிரிச்சா குணமாகும்னு நான் நினைச்சேன். அந்த ஊரில் மொத்தமே முப்பது வீடுகூட இருக்காது, எல்லாரும் சொந்தம். அவங்களைத் தவிர்த்துட்டு அவர் எங்கே போவார்? வேற நண்பர்களை எங்கே தேடுவார்?

அன்னைக்கே வீட்டுக்குப் போனேன். பின்பக்கம்தான் இருந்தார். 'நான் சொன்னது தப்பு'னு சொன்னேன். அவர் எதுவும் சொல்லலை. மனைவி கட்டஞ்சாயா கொடுத்தாங்க, குடிச்சிட்டு வந்தேன். அவ்வளவுதான் அன்னைக்கு நடந்த கவுன்சலிங். கார்டில் அந்தச் சிவப்பு வரியை அடிச்சுட்டு, பக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டேன்.

மறுபடி மாத்திரை, மறுபடி காலையும் சாயங்காலமும் வீட்டுக்குப் போறது. சில மாசம் கழிச்சு, அதே பெரியவருக்காக இன்னொரு சடங்கு வந்தது. இந்தத் தடவை 'போகலாமா'ங்கிற கேள்வி இல்லை, 'எப்படிப் போறது'ங்கிற கேள்விதான். ஹெல்த் வொர்க்கர் ஊர்ப் பெரியவங்ககிட்ட முன்கூட்டியே பேசினாங்க. அவர் பங்கை மச்சான் வாங்கிப்பார், அவர்கிட்ட யாரும் நீட்ட மாட்டாங்கன்னு பெரியவங்களே முடிவு பண்ணினாங்க. மனைவி ஒரு ஃபிளாஸ்க் நிறைய சாயா எடுத்துக்கிட்டுப் போனாங்க. நான் போகலை. எனக்கு அங்கே வேலை இல்லை.

விடியற்காலம் ஹெல்த் வொர்க்கர் சிக்னல் கிடைக்கிற மேட்டு ரோடு வரைக்கும் ஏறி வந்து போன் பண்ணினாங்க. "வாசிச்சார். விடியற வரைக்கும் வாசிச்சார். கை வீங்கிடுச்சு, வேற ஒண்ணும் இல்லை."

அதுக்கப்புறம் அவர் குடிக்கவே இல்லைன்னு நான் சொல்லப்போறதில்லை. ரெண்டு தடவை சறுக்கியிருக்கார். ஒரு தடவை கூலி ரெண்டு வாரம் நின்னப்போ, இன்னொரு தடவை காரணமே தெரியாம. ரெண்டு தடவையும் அடுத்த வியாழன் தானாவே வந்து சொன்னார். எங்க ஃபார்மில் இதைக் குறிக்க ஒரு கட்டம்கூட இல்லை. ஓரத்தில் எழுதி வைக்கிறேன்.

போன வாரம் இஞ்சிக் காட்டுச் சேறோட நேரா வந்தார். கூட ஒரு பையன், பத்தொன்பது இருபது வயசு இருக்கும், துடி கத்துக்கிறவனாம். திண்ணைக்கு ஏறலை. கீழே மரத்தடியில் குந்தி உட்கார்ந்துக்கிட்டு எங்களையே பார்த்துக்கிட்டிருந்தான். கை நடுங்கினது இங்கிருந்தே தெரிஞ்சது. நர்ஸ் புதுசா ஒரு கார்டை எடுத்து என்கிட்ட நீட்டினாங்க. பேர் என்னன்னு கேட்க எழுந்தேன். அவர் கையைக் காட்டி, "இப்போ வேண்டாம் அக்கா, அடுத்த வாரம் மேலே ஏறுவான்"னார்.

கார்டு என் பையில்தான் இருக்கு. நாளைக்கு வியாழன்.