அழுத்தமின் இழையும் தமிழ்ச் சொல்லும்



புதிய அறிவியலைத் தமிழில் சொல்ல இயலாது என்னும் பொய்யுரை இன்றும் ஓய்ந்தபாடில்லை. அதற்குரிய மறுமொழி முழக்கம் அன்று, செய்கையே. ஆகவே, உலக ஆய்வுக்கூடங்களில் இன்று நூற்கப்படும் ஓர் இழையை எடுத்துக்கொண்டு, அது பிறக்கும் வகையையும் அதற்குரிய சொற்களையும் இவ்வவையில் ஆராய்தல் தகும்.

சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் மேற்பரப்பில் மின்னூட்டம் தோன்றும். இதனை 1880இல் பாரிசு நகரில் சாக்கு கியூரி, பியேர் கியூரி என்னும் உடன்பிறந்தார் இருவர் கண்டறிந்தனர். மறு ஆண்டில் செருமானிய அறிஞர் அங்கெல் இதற்குப் பெயரிட்டார். 'அழுத்து' என்னும் பொருளுடைய கிரேக்க வினையே அப்பெயரின் முற்பகுதி. அவ்வளவே! தமிழில் 'அழுத்து' இல்லையா? 'மின்' இல்லையா? 'அழுத்தமின்' என்றால் பொருள் முற்றும் விளங்கிற்று.

'மின்னழுத்தம் என்னும் சொல் முன்னமே உண்டே, இது மயங்காதா?' என வினவுவார் உளர். மயங்காது. குடப்பால் பாலே, பாற்குடம் குடமே. அவ்வாறே மின்னழுத்தம் ஒருவகை அழுத்தம். அழுத்தமின் ஒருவகை மின். முன்பின் மாறினால் பொருள் மாறும் என்பதைத் தமிழ்ச் சிறுவனும் அறிவான்.

படிகமும் சுட்டாங்கல்லும் வளையா, வளைத்தால் உடையும். இத்துறையில் பெரிதும் வழங்கும் சுட்டாங்கல் வகையில் ஈயமும் உண்டு. உடலோடு ஒட்டி அணிதற்கு மெல்லியதும் வளைவதும் ஆகிய பொருள் வேண்டும். 1957இல் சப்பானிய அறிஞர் புக்காடாவும் யாசுடாவும் எலும்பிலேயே அழுத்தமின் உண்டென மெய்ப்பித்தனர். 1969இல் கவாய் என்பார், பாலிவினைலிடின் புளூரைடு என்னும் பல்லுறுப்பியில் இப்பண்பு மிக்கிருத்தலைக் கண்டார்.

இப்பொருளின் அணுத்தொடரில் நீரகம் நேர்மின் சார்பும், புளூரின் எதிர்மின் சார்பும் உடையன. உருக்கி ஆற்றினால் தொடர்கள் எதிரெதிராக அடுங்கி, ஒன்றன் மின்சார்பை மற்றொன்று அழித்துவிடும். நான்கைந்து மடங்கு நீள இழுத்தாலோ தொடர்கள் நிமிரும். நீரகம் ஒருபுறமும் புளூரின் மறுபுறமுமாக நிற்கும். அந்நிலையில் வலிய மின்புலத்தை ஊட்டினால் அனைத்தும் ஒருதிசை நோக்கும். பின்னர் அழுத்துந்தோறும் மின் பிறக்கும்.

இழுத்தலையும் மின்புலம் ஊட்டுதலையும் ஒருசேரச் செய்யும் முறையும் உண்டு. பல்லுறுப்பியின் கரைசலை நுண்ணூசி வழியே செலுத்தி, ஊசிக்கு 10,000 முதல் 20,000 வோல்ட்டு வரை மின்னழுத்தம் தருவர். ஊசிமுனைத் துளி கூம்பாகும், கூம்பின் நுனியினின்று மெல்லிய தாரை பாயும், காற்றில் சாட்டைபோற் சுழன்று நீளும், கரைப்பான் ஆவியாகும், சுழலும் உருளைமேல் இழை படியும். அவ்விழை தலைமயிரினும் நூறு மடங்கு மெல்லியது.

இதனை 'மின்னூற்றல்' எனின், மின்னை ஊற்றுதல் எனவும் பொருள்படும். ஆகவே, நூற்பாலையில் வழங்கும் 'நூற்பு' என்னும் சொல்லை ஆண்டு, 'மின்னூற்பு' என்பதே நேரிது. சொல்லாக்கத்திற்கு ஆர்வம் மட்டும் போதாது, ஆராய்ச்சியும் வேண்டும்.

இவ்விழையாலாகிய துணி, அணிந்தாரின் மூச்சையும் நாடித்துடிப்பையும் மின்குறியாக்கிக் காட்டும். பாற்காடியினின்று ஆக்கும் வேறொரு பல்லுறுப்பியும் இப்பண்புடையது. அது உடலுள் மெல்லச் சிதைந்து மறைவது. எலும்பும் நரம்பும் பற்றி வளர்தற்குரிய சட்டகமாக இவ்விழைகளை அமைக்கும் ஆய்வுகள் நடைபெறுகின்றன. ஆயினும், மிகைபடக் கூறல் அறிவுடைமை ஆகாது. இவ்விழை தரும் மின்னூட்டம், சிறந்த சுட்டாங்கல் தருவதில் பத்திலொரு பங்கினும் குறைவு. இது விளக்கெரிக்கும் ஊற்றன்று. உடலின் மெல்லசைவை உணரும் புலனே.

எலும்பின் மின்னைக் கண்ட புக்காடாவின் நாட்டில் பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை அறிவியல் பெரிதும் தாய்மொழியிலேயே கற்பிக்கப்படுகிறது. தாய்மொழி அங்கே ஆய்வுக்குத் தடையாகவில்லை. தமிழ் மாணாக்கனோ பொருளறியாத ஒலியை உருப்போட்டுத் தேர்வில் கக்குகிறான். 'அழுத்தமின்' எனக் கேட்ட சிறுவன், 'எதை அழுத்தினால் மின் வரும்?' எனக் கேட்பான். அந்தக் கேள்வியே அறிவியலின் கருவறை. அதனை அவனிடமிருந்து பறிப்பது மொழிக்கொலை மட்டுமன்று, அறிவுக்கொலையுமாகும்.

பாடநூல் எழுதுவோரே, 'பீசோ' என ஒலிபெயர்த்துவிட்டு அமைதி கொள்ளற்க! மாணாக்கரே, சொல்லை ஆக்குவதோடு நில்லாது, இழையையும் நூற்க முனைக!

வெல்க தமிழ்!