ஜாமிஆவை மூடவிடாத ஜாகிர் ஹுசைன்
(கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





டாக்டர் ஜாகிர் ஹுசைன் என்றதும் நாட்டின் முதல் முஸ்லிம் ஜனாதிபதி என்போம். அந்தப் பதவியில் அவர் இருந்தது இரண்டே ஆண்டுகள். தில்லி ஜாமிஆ மில்லிய்யா இஸ்லாமிய்யாவின் துணைவேந்தராக இருந்ததோ 22 ஆண்டுகள். அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

1920ல் அலிகரில் தொடங்கிய ஜாமிஆவுக்கு கிலாபத் இயக்கத்தின் பணம்தான் ஆதாரம். 1924ல் துருக்கியில் கிலாபத்தே ஒழிக்கப்பட்டதும் அந்த வழி அடைபட்டது. மூடிவிடலாமா என்று பெரியவர்களே யோசித்தார்கள். அப்போது பெர்லினில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்த ஜாகிர் ஹுசைன், மூட வேண்டாம், நாங்கள் வருகிறோம் என்று சொல்லியனுப்பினார். 1926ல் டாக்டர் பட்டத்தோடு, ஆபித் ஹுசைன், முஹம்மது முஜீப் என்ற நண்பர்களையும் கூட்டிக்கொண்டு வந்து பொறுப்பேற்றார். வயது 29.

கஷ்டம் அதோடு தீரவில்லை. தாங்கிப் பிடித்திருந்த ஹகீம் அஜ்மல் கான் சாஹிப் 1927 இறுதியில் வஃபாத்தானார். அடுத்த ஆண்டு ஆசிரியர்கள் கூடி, 20 ஆண்டுகள் இங்கேயே உழைப்போம், மாதம் 150 ரூபாய்க்கு மேல் வாங்க மாட்டோம் என்று உறுதி எடுத்தார்கள். துணைவேந்தரும் அதில் ஒருவர். அவர் எடுத்துக்கொண்டது அதைவிடவும் குறைவு. பெர்லினில் பட்டம் பெற்றவருக்கு வேறு இடத்தில் என்ன கிடைத்திருக்கும் என்று வீட்டில் போய்க் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கட்டடம் பிறகுதான் வந்தது. 1935ல் ஓக்லாவில் அடிக்கல் நாட்ட எந்த நவாபையும் தேடவில்லை. பள்ளியிலேயே மிகச் சிறிய மாணவன் அப்துல் அஜீஸைக் கொண்டு நாட்டினார்கள். நம் ஊர்க் கல்வெட்டுகளில் பெயர் வரிசைக்கு நடக்கும் சண்டை உங்களுக்குத் தெரியாததல்ல.

ஒரு சம்பவம் சொல்வார்கள். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தபோது, அவருடைய சின்ன மகள் மவுத்தான செய்தி காதில் சொல்லப்பட்டது. கடைசிப் பிள்ளைக்கும் கொடுத்து முடித்த பிறகே வீட்டுக்குப் போனாராம். அது சரிதானா என்று எங்கள் நிர்வாகிகளுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. எங்களால் முடியாது என்பதில் மட்டும் ஒரே கருத்து.

1969 மே 3ல் ஜனாதிபதியாக இருக்கும்போதே வஃபாத்தானார். ராஷ்டிரபதி பவனிலிருந்து கொண்டுவந்து அவரை அடக்கியது ஜாமிஆ வளாகத்தில்தான்.

இனி பெயர் வாசிக்கப்படும். சின்னப் பிள்ளைகள் முதலில் வரட்டும்.