முழங்காலுக்கு அடியில் வைத்த தலையணை

போன எபிசோடில் அம்மாவின் முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் பற்றி ஒரு வரி சொல்லிவிட்டுப் போனேன். அதைப் பிடித்துக்கொண்டு நிறைய பேர் கேட்டிருக்கீங்க, "அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுறாங்களாமே, நிஜமா?"ன்னு.

நிஜம்தான். ஆனா எல்லாருக்கும் இல்லை. வயசு, சர்க்கரை, இதயம், வீட்டில் கூட இருக்க ஆள் உண்டான்னு எல்லாம் பார்த்துத்தான் முடிவு பண்றாங்க. அம்மாவுக்கு 66 வயசு. பிரஷர் மட்டும்தான், அதுவும் கட்டுப்பாட்டில் இருந்தது. காலை ஆறு மணிக்குச் சேர்த்தோம். மத்தியானம் வாக்கரைப் பிடிச்சு நடக்க வெச்சாங்க, நாலு படி ஏறி இறங்க வெச்சாங்க. ராத்திரி ஏழு மணிக்கு கோயம்புத்தூரில் எங்க வீட்டுக் கட்டில்ல இருந்தாங்க.

அந்த ராத்திரி அம்மாவைப் பார்க்கணுமே! வலியே இல்லை. சித்திக்கு போன் போட்டு, "பல்லு புடுங்கற மாதிரிதான் இருந்துச்சு, நீயும் பண்ணிக்கோ"ன்னு சொல்றாங்க. தொடையில் நரம்பை மரத்துப்போக வைக்க ஒரு ஊசி போட்டிருந்தாங்க, அதோட வேலை அது. எங்களுக்கு அது உறைக்கலை. வலிக்காதப்ப மாத்திரை எதுக்குன்னு ரெண்டு வேளை விட்டுட்டோம். மறுநாள் ராத்திரி ரெண்டு மணிக்கு மருந்தோட வேகம் முழுசா இறங்கிடுச்சு. அம்மா அழுததை அப்பா இறந்தப்ப பார்த்தேன், அதுக்கப்புறம் அன்னிக்குத்தான் பார்த்தேன். முதல் சில நாளைக்கு மாத்திரையை வலி பார்த்துக் கொடுக்கக் கூடாது, டாக்டர் எழுதின நேரப்படி மணி பார்த்துக் கொடுக்கணும். வலி ஏறிட்டா அப்புறம் அதை இறக்குறது ரொம்பக் கஷ்டம். (வலி மாத்திரை சிலது மலச்சிக்கலும் கொண்டுவரும். அதைப் பத்தி யாருமே வாய் திறந்து பேச மாட்டாங்க. முன்கூட்டியே டாக்டர்கிட்ட கேட்டுடுங்க.)

இப்போ தலையணைக் கதை. வலியில் துடிக்கிறவங்களுக்கு என்ன செய்யத் தோணும்? முழங்காலுக்கு அடியில் மெத்துன்னு ஒரு தலையணை வெச்சேன். கால் லேசா மடங்கி நின்னுச்சு, அம்மாவுக்கு உடனே சுகமா இருந்தது. "மகராசி"ன்னு சொன்னாங்க. நாலு நாள் அப்படியே படுத்திருந்தாங்க. பார்க்க வந்த சொந்தக்காரங்களும், "எந்திரிக்காதீங்க அக்கா, நல்லா ரெஸ்ட் எடுங்க"ன்னு சொல்லிட்டுப் போனாங்க.

அஞ்சாம் நாள் பிசியோதெரபிஸ்ட் பொண்ணு வந்தாங்க. வந்ததும் முதல் வேலையா தலையணையை உருவி எடுத்தாங்க. கோணம் அளக்குற ஸ்கேலை வெச்சுப் பார்த்தா, கால் முழுசா நீளலை, 12 டிகிரி குறையுது. "ஆபரேஷன் முடிஞ்ச கால் எந்த நிலையில் சுகமா இருக்குதோ அந்த நிலையிலேயே இறுகப் பார்க்கும்மா. தலையணை வெச்சா குதிகாலுக்கு அடியில வைங்க. முழங்கால் அந்தரத்துல தொங்கி தானா நேராகணும்"னாங்க. மடக்குறதைப் பத்தி மட்டும்தான் எல்லாரும் கவலைப்படுறோம். நீட்டறது அதுக்குச் சமமா முக்கியம். கால் நேராகலைன்னா ஆயுசுக்கும் நொண்டித்தான் நடக்கணும். ரொம்ப இறுகிப்போனா மறுபடி மயக்க மருந்து கொடுத்து மடக்கி எடுக்க வேண்டி வரும்.

அதுக்கப்புறம் ஆரம்பிச்சது எங்க ரெண்டு பேருக்கும் சண்டை. கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுறது சுலபம், டிவி பார்த்துக்கிட்டே செஞ்சாங்க. குதிகாலை படுக்கையில் தேய்ச்சு மடக்குறதும், தொடையை இறுக்கி முழங்காலைக் கீழே அழுத்துறதும்தான் நரகம். "ஏங்கண்ணு, பெத்தவளை இப்படிப் பண்றியே"ன்னு கேப்பாங்க. சமையலறைக்குப் போய் அழுதுட்டு வந்து, "இன்னும் அஞ்சு தடவை"ன்னு எண்ணுவேன். முடிஞ்சதும் துணி சுத்தின ஐஸ் பேக், 20 நிமிஷம். காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல தூக்கி வெச்சா வீக்கம் வடியும், அப்பவும் முழங்காலுக்கு அடியில மட்டும் தலையணை போகக் கூடாது.

ஏழாம் நாள் கெண்டைக்கால் வீங்கி, தொட்டாலே வலிக்குதுன்னாங்க. நீலம் பூத்த மாதிரி கணுக்கால் வரை இறங்குறது சகஜம்னு சொல்லியிருந்தாங்க, ஆனா கெண்டைக்கால் வலின்னா உடனே கூப்பிடணும்னும் சொல்லியிருந்தாங்க. ரத்தம் உறைஞ்சு கட்டியா நிக்கலாம். ராத்திரியோட ராத்திரியா போய் டாப்ளர் ஸ்கேன் எடுத்தோம். ஒண்ணும் இல்லை. வீண் அலைச்சல்னு நான் நினைக்கலை. திடீர்னு மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலிச்சாலோ ஸ்கேனுக்கெல்லாம் யோசிக்காதீங்க, நேரா 108 தான். காயத்தில் நீர் கசிஞ்சாலும் காய்ச்சல் அடிச்சாலும் அன்னிக்கே டாக்டர்கிட்ட சொல்லணும். நம்ம வீட்டு வைத்தியமா எண்ணெய், பத்து எதையும் காயத்துமேல தடவ விடாதீங்க. எங்க பெரியம்மா கையில் கிண்ணத்தோடயே வந்தாங்க!

வீட்டைப் பத்தி ஒண்ணு. ஆபரேஷனுக்கு முன்னாடியே மாத்தியிருக்க வேண்டியதை நாங்க பின்னாடி அவசரமா மாத்தினோம். இந்தியன் டாய்லெட்டுக்கு மேல வைக்கிற கமோடு நாற்காலி, பாத்ரூம் சுவத்துல கைப்பிடி, மிதியடியை எல்லாம் சுருட்டி ஓரம் கட்டுறது. படிக்கு ஒரு கணக்கு இருக்கு: ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது ஆபரேஷன் கால் முதல்ல.

ரெண்டு வாரத்தில் தையல் பிரிச்சாங்க. ஆறாவது வாரம் கால் கிட்டத்தட்ட நேராச்சு, மடக்கம் 110 டிகிரி. தழும்புக்கு வெளிப்பக்கம் இன்னும் மரத்துத்தான் இருக்கு. முழங்கால் தொட்டா சூடா இருக்கு, அது மாசக்கணக்கில் இருக்கும்னு சொல்றாங்க. தரையில் சம்மணம் போட்டு உக்கார வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டார். அம்மாவுக்கு அதுதான் பெரிய குறை. பூஜையறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கோம், சாமிக்கு முன்னாடி கால்மேட்டில் உக்கார்றது மரியாதை இல்லைன்னு இன்னும் முணுமுணுக்கிறாங்க.

வலது காலுக்கு டாக்டர் எப்போன்னு கேட்டார். அம்மா என்னைக் காட்டி, "இவளுக்கு எப்போ லீவு கிடைக்குதுன்னு கேளுங்க"ன்னாங்க. மார்ச்ல போட்டிருக்கேன். அடுத்த வாரம் சந்திப்போம்.