வரம்பு வரைவதற்கு முன்



பந்தயக் குதிரையின் இரத்தத்தைப் பற்றிப் பேசக் கஞ்சிக்கோட்டில் கூடியிருக்கிறோம். பொருத்தமான இடம்தான். இதே பாலக்காட்டு மாவட்டத்துத் தத்தமங்கலத்தில் அங்காடி வேலத் திருவிழாவின்போது ஊர்த்தெருவிலேயே குதிரையோட்டம் நடக்கும். வாளையாறு தாண்டிக் கிழக்கே போனால், ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் குதிரைச் சந்தை கூடும். கத்தியவார், மார்வார் இனக் குதிரைகள் அங்கே விலைக்கு நிற்கும். வடக்கே நீலகிரி. சென்னை கிண்டி லாயங்களிலிருந்து தரோபிரெட் பந்தயக் குதிரைகள் கோடைதோறும் உதகைக்கு ஏறி ஓடிய காலம் நீண்டது. வளர்ச்சி ஹார்மோன் ஊசியைக் கண்டுபிடிக்க இந்த மூன்று வகைக் குதிரைகளுக்கும் இரத்தத்தில் ஒரே எண்ணை வரம்பாக வைக்க முடியுமா? முடியாது என்பதே என் துணிபு. அதற்கான காரணத்தைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதியுங்கள்.

வளர்ச்சி ஹார்மோன் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து ஒரே சீராக வடிவதில்லை; விட்டுவிட்டுப் பீறிடும். பீறிட்டது சில நிமிடங்களிலேயே பாதியாகக் குறைந்துவிடும். ஓர் ஓட்டம் ஓடினால் ஏறும். இரத்தம் எடுப்பதற்காக மேலுதட்டில் கயிற்றைச் சுற்றி முறுக்கிப் பிடித்தாலும் ஏறும். ஆகவே ஒரே ஒரு மாதிரியில் இந்த ஹார்மோனை அளந்து, ஊசி போட்டார்களா இல்லையா என்று சொல்வது நடக்காத காரியம். 1990களின் இறுதியில் ஆஸ்திரேலியாவில் மரபணுத் தொழில்நுட்பத்தால் செய்த குதிரை வளர்ச்சி ஹார்மோன் மருந்தாக விற்பனைக்கு வந்தபோது பந்தய உலகம் கலங்கியதற்கு இதுவே காரணம். இயற்கை ஹார்மோனுக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு, புரதச் சங்கிலியின் தலைமுனையில் கூடுதலாக ஒட்டியிருக்கும் மெத்தியோனின் என்ற ஒரே ஒரு அமினோ அமிலம்.

எனவே ஆய்வாளர்களின் பார்வை ஐ.ஜி.எஃப்-1 பக்கம் திரும்பியது. வளர்ச்சி ஹார்மோனின் தூண்டுதலால் பெரும்பாலும் கல்லீரல் சுரக்கும் சிறு புரதம் இது. 70 அமினோ அமிலங்கள் கொண்டது. 1957-இல் சாமனும் டாக்கடேயும் இதன் செயலை முதலில் கண்டார்கள். 1978-இல் ரிண்டர்க்நெக்ட்டும் ஹம்பலும் மனித ஐ.ஜி.எஃப்-1-இன் முழு வரிசையையும் படித்தார்கள். குதிரையின் ஐ.ஜி.எஃப்-1-உம் மனிதனுடையதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. மனிதருக்கென்று செய்த சோதனைப் பெட்டியைக் குதிரைக்கும் பயன்படுத்த முடிவது அதனால்தான். இரத்தத்தில் இது வேறு இரு புரதங்களோடு பிணைந்து பெரிய கூட்டாகச் சுற்றுவதால் பல மணி நேரம் நிலைக்கிறது. காலைக்கும் மாலைக்கும் பெரிதாக மாறுவதில்லை. ஊசியின் தடம் மறைந்த பின்னும் இதன் உயர்வு சில நாள் தங்கும்.

நிலையானது என்றதும் எல்லாக் குதிரைகளிலும் ஒரே அளவில் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. இளங்குதிரையில் கூடுதல், வயது ஏற ஏறக் குறையும். தீனி குறைந்தால் இதுவும் இறங்கும். தரோபிரெட் குதிரைகள் அனைத்துக்கும் வட அரைக்கோளத்தில் ஜனவரி 1-ஆம் தேதியே பிறந்தநாள். ஜனவரியில் பிறந்த குட்டியும் மே மாதத்தில் பிறந்த குட்டியும் ஏட்டில் ஒரே வயது. எலும்பு முனைகள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் இரண்டு வயதில் நான்கு மாத இடைவெளி சிறியதா? ஏட்டு வயதை வைத்து ஐ.ஜி.எஃப்-1-ஐ ஒப்பிடுகிறவர் அந்த இடைவெளியைக் காணாமலே கடந்துவிடுவார்.

இயற்கையாக உடலில் இருக்கும் பொருளுக்கு வரம்பு வைப்பது பந்தய உலகுக்குப் புதிதல்ல. குதிரைமசாலைத் தின்ற குதிரையின் சிறுநீரில் சாலிசிலிக் அமிலம் இருக்கத்தான் செய்யும். ஆகையால் அதற்குப் பூச்சியத்தை வரம்பாக வைக்கவில்லை. பந்தயத்துக்கு முன் குழாய் வழியே சோடா உப்பு கரைத்து ஊற்றுவதைப் பிடிக்க, இரத்தப் பிளாஸ்மாவில் கார்பன் டை ஆக்சைடு லிட்டருக்கு 36 மில்லிமோல் என்று சர்வதேச எல்லை இருக்கிறது. இவற்றைக் கண்டு ஐ.ஜி.எஃப்-1-க்கும் அப்படியே ஓர் எண் போட்டுவிடலாமே என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு வழக்கை நினைவூட்டுவேன்.

எஸ்தோனியாவின் பனிச்சறுக்கு வீரர் ஆந்த்ருஸ் வேர்பாலுவின் இரத்தம் 2011-இல் மனித வளர்ச்சி ஹார்மோன் சோதனையில் வரம்பைத் தாண்டியது. வழக்கு விளையாட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2013-இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. சோதனை முறையைத் தீர்ப்பாயம் குறை சொல்லவில்லை. அவர் ஹார்மோன் எடுத்திருக்கலாம் என்று காட்டும் அறிகுறிகள் இருப்பதாகவும் குறிப்பிட்டது. ஆனால் வரம்பு எண் போதிய உறுதியோடு நிறுவப்படவில்லை என்ற ஒரே காரணத்தால் தண்டனை நீங்கியது. இயல்பான மனிதர்களின் அளவு எவ்வளவு தூரம் விரிந்து கிடக்கிறது என்பதை நன்றாக அளக்காமல் எல்லை வரைந்ததன் விளைவு அது. ஒரு நேர்மையான வீரர் தவறாகச் சிக்கும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது என்று வைத்துக்கொண்டால், சில நூறு மாதிரிகளால் அந்த ஓரத்தைக் காணவே முடியாது. கணக்கால் ஊகிக்கத்தான் முடியும். மனிதருக்காவது வாயால் வாதாட வழியுண்டு. குதிரைக்காகத் தண்டனை அனுபவிப்பவர் டிரெய்னர். அவரோடு லாயத்தில் கூலிக்கு நிற்கும் குடும்பங்கள்.

எனவே என் வேண்டுகோள் இரண்டு. நம் குதிரைகளின் இயல்பு அளவை நாமே அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். கிண்டியின் வெயிலில் கொள்ளும் உலர்புல்லும் தின்று வளரும் குதிரைக்கு இங்கிலாந்துப் புல்வெளிக் குதிரையின் எண் அப்படியே பொருந்தும் என்று சோதிக்காமல் ஏற்பது விஞ்ஞானம் ஆகாது. நாட்டு மட்டக்குதிரையையும் மார்வாரையும் தனித்தனியே அளக்க வேண்டும். அடுத்து, ஒவ்வொரு குதிரைக்கும் அதன் முந்தைய அளவுகளையே அளவுகோலாக வைக்க வேண்டும். இரண்டு வயதிலிருந்து சில மாதங்களுக்கு ஒருமுறை கழுத்துச் சிரையிலிருந்து எடுத்த மாதிரிகளின் தொடர் கையில் இருந்தால், திடீர் ஏற்றம் கண்ணுக்குத் தெரியும். பிறவியிலேயே அளவு உயர்ந்த குதிரைமேல் வீண்பழியும் விழாது. தடகள வீரர்களுக்கு உயிரியல் கடவுச்சீட்டு என்று நடைமுறையில் இருப்பது இதுவே.

ஆய்வகத்து நண்பர்களுக்கு ஒரு சொல். பிணைப்புப் புரதங்களிலிருந்து ஐ.ஜி.எஃப்-1-ஐ அமிலமும் எத்தனாலும் கொண்டு முழுமையாகப் பிரிக்காமல் அளந்தால், அளவு மாறிப்போகும். அந்தப் பிழையைக் குதிரையின் இயல்பு என்று எழுதிவிடுவோம். ஒரே மாதிரியை இரண்டு ஆய்வகங்கள் அளந்து ஒப்பிட்ட பிறகே எண்களைச் சேர்த்துத் தொகுக்க வேண்டும்.

மாதிரிப் படிவத்தின் வரைவு உங்கள் கோப்பில் இருக்கிறது. மெய்யான பிறந்த மாதம், இனம், பொலிக்குதிரையா பெட்டையா காயடித்ததா, கடைசித் தீனி, கடைசி ஓட்டம், பயணம், இரத்தம் எடுத்த நேரம், சீரமா பிளாஸ்மாவா, சோதனைப் பெட்டியின் பெயர் ஆகியவற்றுக்கு அதில் இடம் விட்டிருக்கிறது. லாயத்தில் இருப்பவர்கள் இதைப் படித்து, எது விடுபட்டது, எதை நடைமுறையில் நிரப்ப முடியாது என்று குறித்து மதிய உணவுக்கு முன் செயலரிடம் தாருங்கள். இன்று மாலை அமர்வில் அதை இறுதி செய்வோம். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.